பழைய எஃப்18 கட்டமரனில் ஸ்பின்னேக்கர் கயிறுகள்: ஏற்றும்போதும் சிக்கல், இறக்கும்போதும் சிக்கல்

#1 ஏரிக்காற்று (மெடெம்ப்ளிக், நெதர்லாந்து)

எல்லோருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் பழைய ஹோபி டைகர் ஒன்று வாங்கினோம், இருவர் ஓட்டும் எஃப்18 வகை இரட்டை உடல் பாய்ப்படகு. நான் சுக்கான், மனைவி குரூ (பாயும் கயிறும் அவர் பொறுப்பு). ஐசல்மீர் ஏரியில் கிளப் பந்தயம் ஓட்டுகிறோம். எதிர்காற்றில் மெயின் (பெரிய பாய்), ஜிப் (சிறிய முன்பாய்) இரண்டு மட்டும் வைத்துப் போகும்வரை முன்வரிசைப் படகுகளோடு ஒட்டிக்கொண்டே போகிறோம். மேல் மிதவையைச் சுற்றி பின்காற்றுக்கான பெரிய முன்பாயான ஸ்பின்னேக்கரைத் தூக்க வேண்டிய இடம் வந்ததும் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இப்போது படகில் இருக்கும் அமைப்பு இதுதான். படகின் முன்னே நீட்டிய கம்பமான போலின் நடுவில் வாய் வைத்த ஸ்நஃபர் பை; இறக்கும் பாய் அதற்குள் போகும். பாயை ஏற்றும் ஹாலியார்ட் கயிறு 6 மி.மீ. பாலியஸ்டர், தலை முதல் வால் வரை ஒரே தடிமன். மாஸ்ட் அடியில் வெளியே வந்து, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கேம் கிளீட்டைத் தாண்டி, இரு உடலுக்கும் நடுவே விரித்த டிராம்போலினின் பின்மூலைக்குப் போய்த் திரும்பி, அடிவழியாக முன்னே வந்து, பையின் வாலில் நுழைந்து, வாயில் வெளிவந்து, பாயின் நடுவே தைத்த ஒட்டுத்துண்டான பேட்ச்சில் முடிகிறது. அதாவது ஏற்றும் கயிறும் இறக்கும் கயிறும் ஒன்றேதான். பாயின் முன் கீழ்மூலையைப் போலின் நுனிக்கு இழுக்கும் டேக் கயிறு மட்டும் தனி, அதற்கு ஒரு கிளீட்.

சிக்கல் மூன்று. ஏற்றும்போது கடைசி ஒரு மீட்டர் போக மறுக்கிறது. இறக்கும்போது பாதிப் பாய் பைக்குள் போனதும் வாயிலேயே நின்றுவிடுகிறது. வலப்பக்க ராட்செட் பிளாக் (ஒரு திசையில் மட்டும் சுழலும் கப்பி) பிடிப்பதே இல்லை. பாயைக் கட்டுப்படுத்தும் ஷீட் கயிற்றின் முழுப் பாரத்தையும் மனைவி இரண்டு கையாலும் தாங்குகிறார்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றக் கையில் பணமில்லை. எதில் தொடங்கலாம்?

#2 தெற்குத்துறை (மெல்பர்ன்)

வணக்கம் தம்பி. டைகர் வயசு போன படகெண்டாலும் உறுதியான படகு. பிழையில்லாமல்தான் வாங்கியிருக்கிறியள்.

கடைக்கு ஓட முதல் ஒரு வேலை செய்யுங்கோ. காற்று அடங்கின பின்னேரம் ஒண்டில படகை டிரெயிலரோட சேர்த்துக் கட்டி, பின்பக்கத்தைக் காற்றுக்குக் குடுத்து நிப்பாட்டுங்கோ. ஷீட்டை முழுக்க விட்டுடுங்கோ, பாய் முன்னுக்குப் பறக்கும், மாஸ்டில உரசாது. இப்ப இறக்கிற கயித்தைப் பேட்ச்சில இருந்து அவிட்டுப்போட்டு ஏத்துங்கோ. கடைசி மீட்டரும் லேசாப் போனா மாஸ்டில பிழை இல்லை. வால்ப்பக்கம் பாருங்கோ. நிறையப் பேர் மாஸ்ட் தலையில இருக்கிற கப்பியைத்தான் சந்தேகப்படுவினம். ஆனா ஒரே கயிறு சுத்தி வாற அமைப்பில, பாய் மேல போகப் போகப் பைப்பக்கத்தால கயிறு வெளிய வரவேணும். பின்மூலையில தொய்வை இழுத்து வைக்கிற இலாஸ்டிக் முழுக்க விரிஞ்சு நிண்டுட்டா, இல்லாட்டி கயிறு ஒரு சாண் குறைவெண்டா, நீங்கள் பாயை இழுக்கேல்ல, பின்பீமைத்தான் இழுக்கிறியள்.

அதைப் பார்த்திட்டு வந்து சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

#3 முடிச்சு (சிங்கப்பூர்)

கயிறு கட்டுவதுதான் என் தொழில், அதனால் கயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தெற்குத்துறை அண்ணன் சொன்ன சோதனையை முதலில் செய்துவிடுங்கள். அதன் முடிவு எதுவானாலும் அந்த 6 மி.மீ. பாலியஸ்டர் போகத்தான் வேண்டும்.

இந்தக் கயிறு எத்தனை இடத்தில் வளைகிறது என்று எண்ணிப் பாருங்கள். மாஸ்ட் மேல் ஒன்று, அடியில் ஒன்று, பின்மூலையில் ஒன்று, பையின் வாலில் ஒன்று. இதோடு கிளீட்டின் வாயும், பேட்ச் வளையங்களும். ஒவ்வொரு வளைவிலும் இழுவிசையில் பத்தில் ஒரு பங்கு உராய்வில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வளைவு தாண்டியதும் கையால் கொடுத்ததில் ஏறக்குறைய பாதிதான் பாய்க்குப் போய்ச் சேரும். பாலியஸ்டர் உறை தண்ணீரைக் குடித்துக் கனத்து விறைக்கும்போது அதுவும் குறையும். டைனீமா என்னும் வலுவான செயற்கை இழைக் கயிறு தண்ணீரைக் குடிக்காது, தண்ணீரைவிட லேசானது, மிதக்கும்.

ஆனால் முழுக்க 4 மி.மீ. வெறும் டைனீமா போட்டால் குரூவின் கையை அறுக்கும், கேம் கிளீட்டிலும் வழுக்கும். ஆகவே ஒரே கயிற்றில் இரண்டு தடிமன் வேண்டும். உள்ளே டைனீமா, மேலே பாலியஸ்டர் உறை உள்ள 6 மி.மீ. கயிறாக வாங்குங்கள். கையும் கிளீட்டும் தொடும் நீளத்தில் உறை இருக்கட்டும். தலைப்பக்கமும் பைப்பக்கமும் உறையை உரித்துவிடுங்கள்.

உறை எங்கே முடிய வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாய் முழுக்க மேலே இருக்கும்போது கிளீட்டில் உறை இருக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு கை நீளம் கூடுதலாகவும் இருக்கட்டும். பாய் முழுக்கப் பைக்குள் இருக்கும்போது, உறை தொடங்கும் அந்தத் தடித்த இடம் மாஸ்ட் தலைக் கப்பிக்குள் போய் நிற்கக் கூடாது. இந்த இரண்டு நிலையையும் மலிவான சணல் ஒன்றைப் பாதை முழுக்க ஓட்டி, பேனாவால் குறித்து, பிறகு நல்ல கயிற்றில் கை வையுங்கள். சணலை அளந்தாலே மொத்த நீளமும் தெரிந்துவிடும். மற்றவர் படகின் அளவை வாங்கி வெட்டாதீர்கள். மாஸ்ட் வெளித்துளையின் உயரமும் கிளீட்டின் இடமும் படகுக்குப் படகு மாறும்.

உறையை வெட்டிய இடத்தில் அப்படியே விட்டால் பிசிறாகி உரிந்துகொண்டே போகும். உறையின் இழைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டிக் கூராக்கி, உள்கயிற்றுக்குள் செருகி, மெழுகு நூலால் தைத்துவிடுங்கள். விரலால் வருடினால் மேடு தட்டுப்படக் கூடாது.

தலையில் முடிச்சு வேண்டாம். டைனீமா வழவழப்பானது, முடிச்சு நழுவும்; நழுவாத முடிச்சும் கயிற்றின் பலத்தில் பாதியைத் தின்றுவிடும். கண் போட்டுப் பின்னுங்கள். உள்ளே புதையும் நீளத்துக்கு நான் வைப்பது விட்டத்தின் 72 மடங்கு, 4 மி.மீ. கயிற்றுக்கு 29 செ.மீ. வரும். புதையும் நுனியைச் சீவிக் கூராக்கிவிட்டு, கழுத்தில் நான்கு தையல் குறுக்கே போடுங்கள். தையல் இல்லாத பின்னல் பாரம் இல்லாதபோது, அதாவது டிரெயிலரில் ஆடிக்கொண்டே போகும்போது, மெல்ல வெளியே வந்துவிடும்.

#4 ஏரிக்காற்று

அண்ணா, நீங்கள் சொன்னதேதான். பேட்ச்சில் அவிழ்த்துவிட்டு ஏற்றினால் ஒரே மூச்சில் மேலே போய்விட்டது. பின்மூலையில் இலாஸ்டிக்கில் தொங்கும் கப்பி பாய் மேலே போகும் முன்பே பின்பீமில் போய் முட்டி நிற்கிறது. இலாஸ்டிக்கும் உயிரில்லாமல் கிடந்தது. இரண்டு புது இலாஸ்டிக் வாங்கிவிட்டேன், புதுக் கயிறும் கூடுதல் நீளத்தில் வரும்.

இறக்குவது இன்னும் புரியவில்லை. கரையில் வைத்து இறக்கினால் போகிறது, தண்ணீரில் நிற்கிறது. பை வாயின் வளையத்தில் ஒரு இடம் சொரசொரப்பாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

#5 கைப்பிடி (போர்ட்ஸ்மவுத், இங்கிலாந்து)

வணக்கம். நான் எஃப்18-இல் குரூ. இது என் கை தினம் செய்யும் வேலை என்பதால் எழுதுகிறேன்.

கரையில் போகிறது, தண்ணீரில் நிற்கிறது என்றால் முதலில் டேக்கைப் பாருங்கள். கரையில் நிதானமாக இரண்டு கிளீட்டையும் விடுவித்துவிட்டு இழுத்திருப்பீர்கள். தண்ணீரில் அவசரத்தில் ஹாலியார்ட்டை விட்டதும் கை தானாக இறக்கும் கயிற்றுக்குப் போய்விடும். டேக் போல் நுனியிலேயே கட்டுண்டு நிற்கும். பேட்ச் பைக்குள் வந்தாயிற்று, கீழ்மூலை முன்னே மாட்டியிருக்கிறது. பாய் இரண்டுக்கும் நடுவே விறைத்து நிற்கிறது. இழுக்க இழுக்க இறுகுமே தவிர வராது. பாதியில் நிற்கிறது என்று நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

டேக்கை விட்டுத்தான் இறக்குகிறீர்கள், ஆனாலும் நிற்கிறது என்றால், டேக் கயிறே முன்னே ஓட மறுக்கிறது. அதுவும் 6 மி.மீ.தானா? போல் நுனியில் உருளை இல்லாத வெறும் கண்ணா? இறக்கும்போது டேக் கயிற்றை யாரும் தள்ளிவிடுவதில்லை, பாய்தான் அதை இழுத்துக்கொண்டு வர வேண்டும். அங்கே 4 மி.மீ. போதும்.

இறக்கும் வரிசை நாங்கள் செய்வது: சுக்கான் பிடிப்பவர் படகைக் காற்றோடு நன்றாகக் கீழே கொண்டுபோகிறார், மெயினுக்குப் பின்னே ஸ்பின்னேக்கர் ஒதுங்கி வலுவிழக்கும். ஷீட்டை நான் விடுவதில்லை, அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். ஷீட் தளர்ந்தால் கிளூ (பாயில் ஷீட் கட்டும் மூலை) தண்ணீரில் விழும், பிறகு பாய் ஏரியை அள்ளிக்கொண்டுதான் வரும். அடுத்து, ஹாலியார்ட் கிளீட்டில் இருக்கும்போதே இறக்கும் கயிற்றின் தொய்வு முழுவதையும் இழுத்துவிடுகிறேன்; பாயின் வயிறு வாயை நோக்கி வரத் தொடங்குவது தெரியும். அதற்குப் பிறகுதான் டேக்கும் ஹாலியார்ட்டும், ஒரே கையால், அடுத்தடுத்து. அங்கிருந்து கை நிற்கக் கூடாது. நீளமான இழுவை, இடைவெளி இல்லாமல்.

இதற்கு இரண்டு கிளீட்டும் அருகருகே இருக்க வேண்டும். மாஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இருந்தால் வேறு எதையும் வாங்கும் முன் அதை மாற்றுங்கள். இரண்டு திருகாணி வேலை.

#6 தெற்குத்துறை

தங்கச்சி சொன்னதில வரிசை முழுக்கச் சரி. ஆனா டேக்கைத் தனிய வைச்சிருக்கிறது ஏன் எண்டுதான் எனக்கு விளங்கேல்ல. டேக்கை ஹாலியார்ட்டோட பிணைச்சு விட்டா, ஏத்தும்போது அதுவே வெளிய போகும், விடும்போது அதுவே தளரும். கிளீட் ஒண்டு. மறக்கிறதுக்கு ஒண்டுமில்லை. புதுசாப் பழகிற சோடிக்கு அதுதான் நல்லது. மிதவையில பத்துப் படகு ஒண்டாச் சுத்தேக்க, ஒரு கை வேலை குறைஞ்சாலே பெரிய காரியம்.

#7 கைப்பிடி

அண்ணா, மறக்க ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனி டேக்கில் எனக்கு ஒரு லாபம் உண்டு. மேல் மிதவையைச் சுற்றிக் கிடைத்திசையில் கொஞ்ச தூரம் ஓடும்போதே டேக்கை நுனிவரை இழுத்து வைத்துவிடுவேன். ஏற்றும் நேரம் வரும்போது கை முழுக்க ஹாலியார்ட்டுக்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹாலியார்ட் ஓட வேண்டிய தூரம் ஏழெட்டு மீட்டர், டேக் ஓட வேண்டியது ஒன்றரை மீட்டர்கூட இராது. இந்த இரண்டையும் ஒரே இழுவையில் பொருத்தும்போது, கயிறு ஒரு சாண் நீண்டுவிட்டால் டேக் நுனிக்குப் போகாது, முன்விளிம்பு தொய்ந்துபோகும். எங்கே சரிசெய்வது என்று தேட வேண்டும். ஏரிக்காற்று இப்போதுதான் கயிறுகளைக் கற்றுக்கொள்கிறார். தனித்தனியாக இருந்தால் எது கெட்டது என்று கண்ணுக்குத் தெரியும்.

#8 அடையாறு (சென்னை)

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் கட்டமரன் ஆள் இல்லை, 29இஆர் என்ற இருவர் ஓட்டும் சிறு படகு ஓட்டுகிறேன். அதில் ஹாலியார்ட்டை இழுத்தாலே டேக்கும் போல் நுனிக்குப் போய்விடும், பாயும் ஏறிவிடும். எல்லாம் ஒரு கயிறுதான். பழகிவிட்டால் அவ்வளவு வேகம். ஆனால் அந்தப் படகு அப்படியே வடிவமைக்கப்பட்டது, எல்லாப் படகும் ஒரே அளவு. பழைய படகில் நாமே பிணைப்பது வேறு கதை. இந்த விஷயத்தில் நான் கைப்பிடி அக்கா பக்கம்.

ராட்செட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஏரிக்காற்று, அந்த வலப்பக்க பிளாக்கில் ஷீட்டை உள்ளே இழுங்கள். டிக் டிக் என்று சத்தம் வருகிறதா? இழுக்கும்போது சத்தம் வர வேண்டும், விடும்போது பிடிக்க வேண்டும். சத்தமே வராமல் வழுக்கிக்கொண்டு ஓடினால் ஷீட் எதிர்த்திசையில் கோர்க்கப்பட்டிருக்கிறது. ஒரே கயிறு இரண்டு பக்கமும் சுற்றி வருவதால் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் தலைகீழாகவும் கோர்த்துவிடுவது மிகச் சுலபம். கோர்ப்பு சரியாக இருந்தால் பக்கவாட்டுப் பொத்தானைப் பாருங்கள், அணைத்து வைத்திருக்கலாம். பாரம் ஏறினால் மட்டும் தானாகப் பிடிக்கும் வகை என்றால் கையால் லேசாக இழுத்துச் சோதிக்க முடியாது, ஒருவர் ஷீட்டின் மறுமுனையை நன்றாகத் தொங்கிப் பிடிக்க வேண்டும்.

ஷீட் பிளாக்கை எவ்வளவு சுற்றி வருகிறது என்பதும் முக்கியம். சுற்று குறைந்தால் பிடிப்பும் குறைந்துவிடும்.

#9 ஏரிக்காற்று

கோர்ப்புதான்! வலப்பக்கம் தலைகீழ். அவிழ்த்துத் திருப்பிப் போட்டேன், ஒரு காசு செலவில்லை. மனைவி அடையாறுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

டேக் கயிறும் 6 மி.மீ.தான்; போல் நுனியில் வெறும் எஃகுக் கண்தான் இருந்தது. கிளீட்டுகள் மாஸ்டின் இரு பக்கமும். மூன்றையும் மாற்றுகிறேன். தனி டேக்காகவே வைத்துக்கொள்கிறோம். தெற்குத்துறை அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு கேள்வி. இப்போது எல்லாரும் போடும் வழுவழு அலுமினிய வளையம், உருளையே இல்லாதது, பிளாக்கைவிட மலிவு. எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடலாமா?

#10 முடிச்சு

எல்லா இடத்திலும் வேண்டாம். வளையம் பாரத்தைத் தாங்கும், உடையாது, மணல் புகுந்து நிற்காது. ஆனால் கயிறு அதன் மேல் வழுக்கித்தான் ஓடுகிறது, உருண்டு ஓடுவதில்லை. பாரம் அதிகம், ஓட்டம் குறைவு, வளைவு சிறிது என்ற இடத்துக்கு அது பொருத்தம். கயிறு பல மீட்டர் வேகமாக ஓடும் இடத்திலும், முழுக்கத் திரும்பி வரும் இடத்திலும் குண்டு உருளும் பிளாக் வேண்டும். டைனீமா ஏறக்குறைய 145 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும் பொருள், உராய்வுச் சூடு அதற்கு ஆகாது.

உங்கள் படகுக்கு: போல் நுனியில் டேக்குக்கு வளையம் போதும். மாஸ்ட் தலை, மாஸ்ட் அடி, பின்மூலை மூன்றுக்கும் உருளும் பிளாக். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பின்மூலைக்குப் போடுங்கள், அங்கேதான் கயிறு முழுவதுமாகத் திரும்புகிறது. பையின் வாலில் கயிறு நேராக நுழைந்தால் வளையம், மடங்கி நுழைந்தால் சிறு பிளாக்.

பிளாக்குக்கு எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள். பிளாஸ்டிக் குண்டுகள் அவை, கிரீஸில் மணல் ஒட்டி அரைக்கும். நல்ல தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவினால் போதும். ஐசல்மீர் 1932-இல் அணை கட்டியதிலிருந்து நன்னீர் ஏரிதான், உப்புத் தொல்லை உங்களுக்கு இல்லை. ஆனால் கரையில் இழுத்து வைக்கும்போது மணல் புகும்.

#11 அடையாறு

எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே உப்பும் வெயிலும் சேர்ந்து இலாஸ்டிக்கை முதலில் கொன்றுவிடும். இழுத்துவிட்டால் சுருங்கி வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் படகை இறக்குவோம். பாயின் நைலான் துணியும் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். பைக்கு வெளியே ஒரு முழம் பாய் எட்டிப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கும் படகைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது, போய் உள்ளே தள்ளிவிட்டுத்தான் வருவேன். சென்னையிலிருந்து 49இஆர் ஓட்டி டோக்கியோ ஒலிம்பிக் வரை போன கணபதி, வருண் தக்கர் ஜோடியின் படகிலும் பாயை இழுப்பது இதே பேட்ச், இதே பை முறைதான். துணி வழுக்கினால்தான் உள்ளே போகும். பை வாய்க்கும் பேட்ச் சுற்றியும் உலர்ந்த வழுக்குத் தெளிப்பு அடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை உள்ளது வேண்டாம், அழுக்கைப் பிடிக்கும்.

#12 கைப்பிடி

ஷீட்டைக் கோர்க்கும்போது பாதையையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏரிக்காற்று. கிளூவிலிருந்து பக்கக் கம்பிக்கு வெளியே, ராட்செட்டுக்குள், டிராம்போலின் குறுக்கே, மறுபக்க ராட்செட், அந்தப் பக்கக் கம்பிக்கு வெளியே, முன்கம்பிக்கு முன்னால் வந்து மறுபடி கிளூ. முன்கம்பிக்கும் ஸ்பின்னேக்கரின் முன்விளிம்புக்கும் இடையில்தான் போக வேண்டும். ஜைப் செய்யும்போது, அதாவது பின்காற்றில் பக்கம் மாற்றும்போது, பாய் அந்த இடைவெளி வழியாகத்தான் மறுபக்கம் போகிறது. ஹாலியார்ட் ஷீட்டைச் சுற்றிக் கிடக்கிறதா என்று கரையிலேயே மேலே நிமிர்ந்து பாருங்கள். ஒரு சுற்று இருந்தாலும் பாய் பாதியில் திருகிக்கொள்ளும்.

கிளூவோடு சேரும் முனைகளையும் உறை உரித்து மெல்லியதாக்கிவிடுங்கள். காற்று மெல்லிதாக இருக்கும்போது கனமான ஷீட் கிளூவைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பாய் விரியவே மறுக்கும்.

ஷீட்டின் நீளத்துக்கு எண் கேட்காதீர்கள். பாயைக் கரையில் ஏற்றி, ஒரு பக்கம் முழுக்க வெளியே பறக்க விட்டு, மறுபக்கம் குரூ டிராப்பீஸ் கம்பியில் வெளியே தொங்கும் இடம்வரை சணலைக் கொண்டுபோய் அளக்கவும். அதற்கு மேல் நீளம் வைத்தால் டிராம்போலினில் காலைச் சுற்றும்.

#13 தெற்குத்துறை

கோபமெல்லாம் இல்லைத் தம்பி. தனி டேக்கிலயும் சோடிகள் வெண்டுகொண்டுதான் இருக்குதுகள்.

பாயின்ர அளவையும் ஒருக்காப் பாருங்கோ. எஃப்18-இல பாரமான சோடிக்கு 21 சதுர மீட்டர், லேசான சோடிக்கு 19. பழைய படகோட வந்த பாய் எது எண்டு வாங்கினவைக்கே தெரியாமல் இருக்கும். 21-க்கெண்டு தைச்ச பைக்குள்ள 19 லேசாப் போகும், மறுவளமா எண்டால் நெருக்கம். பேட்ச்சில இருந்து தலை வரைக்கும், பேட்ச்சில இருந்து டேக் வரைக்கும், எது நீளமோ அந்த நீளம் பைக்குள்ள அடங்கவேணும். அடங்காட்டி எவ்வளவு இழுத்தாலும் ஒரு மூலை வெளியதான் தொங்கும்.

பெரிய இடத்திலயும் இந்தப் பாயை வைச்சுத்தான் கணக்குப் போட்டவை. 2008 ஒலிம்பிக்கில, சிங்டாவோவில காற்று மெல்லிசா இருக்குமெண்டு நம்பி, எதிர்காற்றிலயும் பிடிக்கக்கூடிய தட்டையான முன்பாயோட அமெரிக்கச் சோடி டொர்னேடோ கட்டமரனில இறங்கினது. காற்று பலத்து வந்திட்டுது. தங்கம் ஸ்பெயினுக்குப் போச்சு. அதோட டொர்னேடோவையும் ஒலிம்பிக்கில இருந்து எடுத்திட்டினம். பிறகு கட்டமரன் திரும்பி வந்தது 2016 ரியோவில, நாக்ரா 17-ஓட. அந்த முதல் தங்கத்தை 54 வயசில சந்தியாகோ லாங்கே, செசிலியா கரான்சாவோட சேர்ந்து வெண்டவர். எனக்கு அவற்ர வயசில பாதிக்குப் பாதி பலம் இருந்தாலே காணும்.

#14 ஏரிக்காற்று

புதுக் கயிறு, புது பிளாக், அருகருகே கிளீட், எல்லாம் போட்டு இரண்டு வாரக் கடைசியும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தோம். ஏற்றுவது ஒரே மூச்சு. இறக்குவதில் கைப்பிடி சொன்ன வரிசைதான் மந்திரம். தொய்வை முதலில் எடுத்துவிட்டால் கிளீட்டை விட்டதும் பாய் தானாகப் பைக்கு ஓடுகிறது. பைக்கு வெளியே துண்டு பாய்கூடத் தொங்குவதில்லை. பாய் 21 சதுர மீட்டர்தான், பையும் அதற்கே தைத்தது.

புதிதாக ஒன்றைக் கவனித்தோம். காற்று கொஞ்சம் ஏறி, நான் படகை மேலே கொண்டுபோனால், பாயின் முன்விளிம்பு தொய்ந்து ஒரு பக்கமாகச் சரிகிறது. ஹாலியார்ட் குறியில்தான் நிற்கிறது, டேக் நுனியில்தான் இருக்கிறது. போல் நுனி மேலே எழும்புவதுபோல் மனைவிக்குத் தோன்றுகிறது.

#15 முடிச்சு

சரியாகப் பார்த்திருக்கிறார். பாய் நிறைந்தால் முன்விளிம்பு போல் நுனியை மேலே இழுக்கும். அதைக் கீழே பிடித்து வைப்பவை நுனியிலிருந்து இரு ஹல் (படகு உடல்) முனைகளுக்கும் போகும் கயிறுகள். பழைய படகில் அவை டைனீமாவாக இருந்தால், தொடர்ந்த பாரத்தில் நீண்டிருக்கும். டைனீமா மெல்ல மெல்ல நீளும், பிறகு சுருங்காது.

படகைச் சமதரையில் வைத்துப் போல் நுனியைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். கைக்கு இணங்கி எழும்பினால் அந்தக் கயிறுகள் தொய்ந்துவிட்டன. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் போல் ஒரு பக்கம் போகும். புதியதைக் கட்டும் முன் இரு முனையையும் பிடித்து நன்றாக இழுத்து, முதல் நீட்டத்தை எடுத்துவிடுங்கள். கட்டிய பிறகு இடது ஹல் முனையிலிருந்து போல் நுனிக்கும், வலது ஹல் முனையிலிருந்து போல் நுனிக்கும் அளவு நாடா வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை கட்டை இறுக்கித் தளர்த்திச் சரிசெய்யுங்கள்.

கட்டும் முனையை ஒரே முடிச்சாக முடிக்காமல், ஹல் முனைக் கண்ணுக்கும் பின்னல் கண்ணுக்கும் இடையே மெல்லிய கயிற்றை நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்கிவிடுங்கள். அடுத்த முறை நீண்டால் அந்தச் சுற்றை மட்டும் அவிழ்த்து இறுக்கிக்கொள்ளலாம்.

#16 ஏரிக்காற்று

தூக்கிப் பார்த்தேன், நான்கு விரல் உயரம் எழும்புகிறது. 5 மி.மீ. டைனீமா வாங்கிவிட்டேன், கண் இரண்டையும் நீங்கள் சொன்ன அளவில் இன்றிரவே பின்னுகிறேன். 5 மி.மீ.க்குப் புதையும் நீளம் 36 செ.மீ. என்று கணக்குப் போட்டிருக்கிறேன், சரிதானே?

#17 முடிச்சு

சரி. கழுத்துத் தையலை மறக்க வேண்டாம்.